ரவி அண்ணனோடு சமநிலை

நேற்று உம்மாவுக்கு ஊசி போடக் கூட்டிப்போன இடத்தில் ஸ்பிரிட் மணந்தது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் காய்ச்சல் ஞாபகம் வரும். எனக்குச் செஸ் பலகை வருகிறது. என்ன செய்வது, என் தலை அப்படி.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பாமசியில் மருந்தெடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த வருசம். மாவட்ட செஸ் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தேன். வந்தவர்களில் தரப்புள்ளி ஆகக் குறைந்தவள் நானாகத்தான் இருப்பேன். முதல் சுற்றிலேயே எதிரே வந்து உட்கார்ந்தவர் பாண்டிருப்பு ரவி அண்ணன். அவர் பேரைக் கேட்டாலே ஆட்கள் பாதி தோற்றுவிடுவார்கள். கெதியாய்த் தோற்றால் பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

எப்படியோ என் ராணி அவருடைய ராசாவைப் பிடித்துக்கொண்டது. செக். நகர்ந்தார். திரும்பவும் செக். நிறுத்தினால் நான் முடிந்தேன். அண்ணன் கதிரையில் நெளிந்தார்.

"தங்கச்சி, வேற ஒண்டும் விளையாட மாட்டீங்களா?"

"விளையாடினாத் தோத்துருவன், அண்ணன்."

ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் நடுவரைக் கூப்பிட்டேன். சமநிலை. கை கொடுக்க நீட்டியவர், ஆண்களுக்கு நான் கை கொடுக்க மாட்டேன் என்று சட்டென்று நினைவு வந்து அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. அந்த அரைப் புள்ளி குறைந்ததால் அவருடைய முதலிடம் கைவிட்டுப் போனது. தேசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும் போனது.

அடுத்த கிழமை பாமசிக்கு வந்தார். தலையிடி மாத்திரைக்குத்தான் என்று நினைத்தேன். மடக்குப் பலகையைக் கவுண்டரில் விரித்து, அன்றைய நிலையில் காய்களை அடுக்கினார்.

"இதுல எனக்கு வெற்றி இருக்கு. எங்கயோ இருக்கு."

அதன்பிறகு அடிக்கடி வந்தார். சிரப் போத்தல்களுக்கு நடுவே அவர் ராசாவை ஓட்டுவார், நான் ராணியால் துரத்துவேன். முதலாளி ஹாஜியார், "மருந்தெடுக்க வந்த சனம் நிக்கிது புள்ள" என்பார். வெற்றி அகப்படவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியாத அவருடைய அந்தரம் எனக்கும் தொற்றியது. சோறு பிசையும்போதுகூட விரல் கட்டம் போட்டது.

பிறகு அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. கலியாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்து, ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது பிடிபட்டது: ராசா ஒதுங்கி ஓடியிருக்கக் கூடாது, என் ராணியை நோக்கியே நடந்திருக்க வேண்டும். அண்ணன் வென்றிருப்பார்.

போன வருசம் லீவில் வந்தவரைக் கல்முனை பஸ் நிலையத்தில் கண்டதும் ஓடிப்போனேன்.

"அண்ணன், ராசாவ முன்னுக்கு நடத்தியிருக்கணும்!"

"பாமசித் தங்கச்சி! சுகமா இரிக்கீங்களா?" முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, "என்ன ராசா?"

மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டார்.

"அப்பிடி ஒண்டு விளையாடினமா நாம?"

அவருடைய பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

பாமசி இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஹாஜியார் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். போட்டி நடந்த மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த விளையாட்டு நடந்தது என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.