மாம்பூ எப்படி மணக்கும்?

தை மாதத்தில் ஒருநாள், சிவகாசி ஆசிரியைகள் சிலர் மலைச்சரிவில் பூத்திருந்த மாமரங்களைப் பார்க்கப் பஸ்ஸில் போனோம். உடன் வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் உயரமானவர். தன் விரல்களை அடிக்கடி முகர்ந்துகொண்டார். அங்கே ஒரு பூங்கொத்தை முகத்தருகே வைத்தபடி என்னிடம் கேட்டார்:

“டீச்சர், இது எப்படி மணக்குது? பட்டாசு ஆலை வெடிச்ச நாள்லருந்து எனக்குக் கருகல் வாடைதான் தெரியுது.”

“எதுக்குக் கேக்கீக?”

“வார்டுல ஒரு பிள்ளைக்கு முகமெல்லாம் கட்டு. மாம்பூ வாசம் எப்படின்னு வந்து சொல்லச் சொன்னா. அவகிட்டப் பொய் சொல்ல முடியாது.”

“மாவடு நறுக்குன கையில தேன் பட்ட மாதிரி” என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்து வந்தவர், வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். அந்தப் பிள்ளை அதுவரை உயிரோடு இருந்தாளா என்று, பிறகு அவரைப் பலமுறை பார்த்தும், நான் கேட்கவில்லை.