கம்சனா அக்காவின் மெய்யான நேரங்கள்

கம்சனா அக்கா ஓடத் தொடங்கினால் ஜெர்மனியின் மலைகளெல்லாம் கூனிக் குறுகி வழிவிடும். அவர் பெயரைக் கேட்டாலே அல்ப்ஸுக்குக் காய்ச்சல். எசன் நகரத்து மான்கள் அவரிடம் பயிற்சிக்கு வரிசையில் நிற்கின்றன.

இதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. அக்காவைப் பற்றி நான் பொய் சொல்வது இது முதல் தடவையும் இல்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு நம்மில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தரம் இருந்தவனின் தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்று கீழே வருகிறது.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் கட்டிடத்தில் மேல்மாடி. முதியோர் இல்லத்தில் வேலை. எழும்ப முடியாதவர்களைத் தூக்கி இருத்துவார். எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அவர் ஓடி யாரும் கண்டதில்லை. எப்போதும் கறி அடைத்துப் பொரித்த றோல்ஸ் விற்கிற மேசையில்தான் நிற்பார். போன வருடம் அந்த மேசையில் ஒரு றோலுக்குள் பச்சை மிளகாயை மட்டும் அடைத்து வைத்தேன். அது பள்ளி அதிபரின் வாய்க்குள் போனது. ஏச்சு விழுந்தது அக்காவுக்கு. என்னைக் கண்டுபிடித்த பிறகும் அவர் அதிபரிடம் சொல்லவில்லை.

“சனிக்கிழமை காலமை சும்மாதானே படுத்துக் கிடக்கிறாய்? வந்து எனக்கு நேரம் பிடி,” என்றார். அவர் மலை ஓட்டக்காரி என்பது அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

எசனில் மலை ஏது? நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுதான் எங்கள் மலை. முதுகுப் பைக்குள் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு அக்கா அதில் ஏறுவார். சரிவு கூடினால் ஓட்டத்தை விட்டு, கைகளைத் தொடையில் ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடப்பார். அதுதான் வேகம் என்பார். எனக்கோ அது பென்சன்காரர் நடை. ஓடத் தொடங்கும்போது அடியில் நின்று மஞ்சள் துவாய்த் துண்டை ஆட்டுவார். உச்சியில் நிற்கிற நான் கைப்பேசியில் நேரத்தைத் தொடக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த அவ்வளவையும் முதல் நாளே கெடுத்தேன். வீடியோ பார்த்துக்கொண்டிருந்து நிமிர்ந்தால், அக்கா இரண்டாவது வளைவைத் தாண்டியிருந்தார். அப்போதுதான் அழுத்தினேன்.

மேலே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “எவ்வளவடா?” என்றார்.

“பதினொண்டு அம்பது.”

“மெய்யாவோ? பதினாலுக்குக் கீழ ஏலாது எண்டெல்லோ நினைச்சன்!”

அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பைக்குள் இருந்து எனக்கு ஒரு றோல் எடுத்துத் தந்தார்.

அடுத்த சனி சரியாகப் பிடித்தேன்: பதினான்கு நிமிடம் ஐந்து விநாடி. அதைச் சொன்னால் முதல் சனியின் பொய் பிடிபட்டுவிடும். பதினொன்று நாற்பது என்றேன். பிறகு சனிக்குச் சனி பத்து விநாடியாக என் வாயாலேயே அக்காவை வேகமாக்கினேன். ஒவ்வொன்றையும் அவர் தமிழ்க்கடைக் கலண்டர்த் தாளில், இராகுகாலத்துக்குக் கீழே எழுதிக் கிழித்துச் சேர்த்தார்.

ஏழு சனிக்குப் பிறகு சவர்லாந்து மலைப் பகுதியில் மலை ஓட்டப் போட்டி. ஆறு கிலோமீற்றர் போதுமென்று இருந்தவர், அந்தத் தாள்களைப் பார்த்துப் பதினான்கு கிலோமீற்றருக்குப் பெயர் கொடுத்தார். அதில் ஒன்பதாவது கிலோமீற்றரை எழுபத்தைந்து நிமிடத்துக்குள் தாண்டாதவர்களை மறித்துவிடுவார்கள். அக்கா வேலையிடம் முழுக்கச் சொல்லி, லீவு எடுத்து, பதக்கம் மாட்டச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டார்.

எழுபத்தொன்பதாவது நிமிடம் வந்தார். மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் கையை நீட்டி மறித்தார். நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தை அக்கா தானே கழற்றிக் கொடுத்து, நன்றியும் சொன்னார். கூட வந்து அங்கே காத்திருந்த நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

ரயிலில் அக்கா சொன்னார்: “பிழை என்னிலதான்டா. தொடக்கத்தில மெல்லமாப் போயிட்டன். நீ பாவம், ஏழு சனி குளிருக்க நிண்டனி.”

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எசன் வர ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. வாயாடி, பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன் யன்னலுக்கு வெளியே மாடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆணியில் இப்போது அக்காவின் வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்பு தொங்குகிறது. அவர் வீட்டுக்குப் போனால் நான் அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை.

அடுத்த சனி கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். கூப்பிட்டார். துவாய் அசைந்த கணமே அழுத்தினேன். இனிப் பொய் இல்லை.

“எவ்வளவடா?”

“பதின்மூண்டு இருபத்திரண்டு.”

“கடைசியாப் பத்து அம்பது எண்டாய்?”

“அது... இண்டைக்கு எதிர்க்காத்து, அக்கா.”

ஓர் இலைகூட அசையவில்லை. அக்கா மேலங்கியின் ஸிப்பை இறக்கினார். உள்ளே பெனியனில் தலைகீழாக ஒரு சின்ன மணிக்கூடு குத்தியிருந்தது. முதியோர் இல்லத்தில் கையில் மணிக்கூடு கட்டக்கூடாது. இதைத்தான் சட்டையில் குத்துவார்கள்.

“இண்டைக்குச் சரியாத்தான் சொன்னனி. மற்ற ஏழும்?”

வீடியோவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன், அவருடைய ஓட்டச் சப்பாத்தில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டே. அக்கா ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

“அப்ப மெய்யா எவ்வளவில ஓடினனான்? அதாவது தெரியுமோ?”

“முதல் சனி தெரியாது. பிறகு பதினாலு அஞ்சு. பதின்மூண்டு அம்பத்தெட்டு. பதின்மூண்டு அம்பத்தொம்பது, அண்டைக்கு மழை. பதின்மூண்டு நாப்பத்தேழு. பதின்மூண்டு நாப்பது, அண்டைக்கு இறங்கேக்க உங்களுக்குக் கால் பிரண்டது. பதின்மூண்டு முப்பத்தொண்டு.”

நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எழுதி வச்சனியோ?”

“இல்லை.”

“அப்ப என்ர கால் பிரண்டதுவரைக்கும் பாடமாக்கி வச்சிருக்கிறாய். பெரிய பகிடிக்காரன் எண்டு திரியிறது,” என்றார். “கள்ளா.”