வெர்னா வண்டிக்கடியில் படுத்த காலை

வெர்னா ஸ்கோகனை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். என் வேலி முடிகிற இடத்தில் அவள் வேலி தொடங்குகிறது. மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் ஒருத்தரைத் தெரிந்துகொள்ள அது போதும். ஐம்பத்தெட்டு வயது, குள்ளம், பேச்சு குறைவு. நாற்பது மாடு வைத்திருக்கிறாள். நாற்பது மாட்டை வைத்துக்கொண்டு இங்கே யாரும் பிழைக்க முடியாது. அவளுக்குச் சோறு போடுவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாட்டு ட்ரெய்லர்தான்.

அக்டோபரில் கன்றுகளை விற்கிற வாரம் வந்தால் பதினான்கு பண்ணையும் அவள் வீட்டைத்தான் பார்க்கும். காரணம் ஆற்றுப் பாலம். வியாபாரிகளின் பெரிய லாரி அதில் ஏறக்கூடாது. நாங்கள்தான் கன்றுகளைக் கணவாய் தாண்டி எடைமேடைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்பு அந்த வேலையை அவள் புருஷன் ஓரின் செய்தான். அவன் போன பிறகு இவள் செய்கிறாள்.

ஓரின் எப்படிப் போனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பதினோரு மாட்டை ஏற்றிக்கொண்டு கணவாய் இறங்கும்போது பின்சக்கர பிரேக் குழாய் வெடித்தது. முன்சக்கர பிரேக் மட்டும் அந்தப் பாரத்துக்குப் போதவில்லை. இரண்டாவது வளைவில் ட்ரெய்லர் வண்டியையும் அவனையும் பள்ளத்தில் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்த வண்டியை அவனுக்கு விற்றவன் நான். விற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெர்னாவும்தான். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

போன செப்டம்பரில் அவள் வண்டியின் கியர்பாக்ஸ் சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. விற்பனை வாரத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. டவுனில் ஒருவன் புது வண்டியும் ட்ரெய்லருமாக இந்த வேலைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். ஒரு வருஷம் அவன் கைக்குப் போனால் அது திரும்பி வராது. வேலை போனால் மாடு போகும், பிறகு நிலம் போகும். ஸ்போகேன் நகரத்தில் இருக்கிற அவள் அக்கா, இவள் வந்து தங்க ஓர் அறையைக் காலி பண்ணிவிட்டு, ஜன்னல் திரைக்கு என்ன நிறம் வேண்டும் என்று போன் பண்ணிக் கேட்டாளாம். வெர்னா பட்டென்று போனை வைத்துவிட்டாள் என்று என் மனைவி கிளாரிஸ் சொன்னாள்.

அதே சமயத்தில்தான் என் இடுப்பில் ஆபரேஷன் ஆகி, டீசல் பிக்கப்பில் ஏறி இறங்க முடியாமல் கிடந்தேன். ஒரு டன் என்று சொல்கிற கனபார ரகம், நாலு சக்கரமும் இழுக்கும், பதினோரு வயது. விற்கப்போகிறேன் என்று காபிக் கடையில் ஒரு வார்த்தை விட்டேன். அன்று மாலையே வெர்னா போன் பண்ணினாள். விலையைக் கேட்டாள், சரி என்றாள். அப்புறம் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஹால்வர், ராத்திரி ஹீட்டர் சொருகாதீங்க. காலைல ஏழு மணிக்கு வரேன்."

எங்கள் ஊரில் டீசல் வண்டி பார்க்க ஆள் வந்தால், முந்தின ராத்திரியே இஞ்சினைச் சூடாக வைக்கிற ஹீட்டரைக் கரண்டில் சொருகி வைப்பது மரியாதை. விருந்தாளி வருமுன் அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி. சொருகாதே என்றால், ஜில்லென்று கிடக்கும்போது கிளம்புமா என்று பார்க்கப் போகிறேன், உன் பேச்சை நம்பவில்லை என்று அர்த்தம். இங்கே வண்டி வாங்குகிறவன் டயரை ஒரு உதை உதைப்பான், இஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டுக் கேட்பான், கை குலுக்குவான். குனிந்து அடியில் பார்த்தால் விற்கிறவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. கிளாரிஸ், அவள் கேட்டபடி விட்டுத் தொலையுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ச் சொருகினேன். ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வயரைச் சுருட்டி ஒளித்துவைத்தேன். எழுபத்தொரு வயதுக் கிழவன் செய்கிற காரியமா இது!

வந்தாள். பானெட்டைத் திறந்தாள். கையுறையைக் கழற்றி இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. வண்டிமேல் எல்லாம் வெள்ளையாக உறைபனி, இஞ்சின் மட்டும் கதகதவென்று இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தாளா என்று தெரியாது, நான் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கிளாரிஸ் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் நான் வயரைத் தொடவே இல்லை. வெர்னா சாவியைத் திருகினாள். இரண்டு தடவை முக்கிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வந்தது, ஒரு நிமிஷத்தில் அடங்கியது. அவள் தலையாட்டினாள். கதவு நிலையில் ஒட்டியிருக்கிற எடைச் சீட்டைப் படித்து, கையில் பேனாவால் எழுதியிருந்த எண்ணோடு ஒப்பிட்டாள். கன்றுகளோடு ட்ரெய்லர் பதினேழாயிரம் பவுண்டு. அதில் எவ்வளவு வண்டியின் முதுகில் உட்காரும் என்பது அவளுக்கு மனப்பாடம். கம்பெனி விளம்பரத்தில் இவ்வளவு இழுக்கும் என்று போட்டிருப்பதை அவள் சட்டையே செய்யவில்லை. முதுகு எவ்வளவு தாங்கும், நிற்கச் சொன்னால் நிற்குமா, அதுதான் அவள் கணக்கு. கியர்பாக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தாள், கருகின வாடை இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, புல்வெளிச் சரிவில் ஊர்ந்து ஏறி இறங்கினாள். பின்கதவைத் திறந்து, ட்ரெய்லர் உட்காருகிற உருண்டையைச் சுற்றித் தகடு கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

இதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவள் தீவனச் சாக்கு ஒன்றை உறைபனிமேல் விரித்து, டார்ச்சும் கையுமாக வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தாள். பார்த்து, சரியாக அந்த நேரத்துக்குத்தானா காபிக் கடைக் கூட்டத்தில் ஒருவன் ரோட்டில் வர வேண்டும்! வண்டியை மெதுவாக்கினான். என்னைப் பார்த்தான். சாக்கில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸையும் பார்த்தான். இரண்டு விரலைத் தொப்பியில் வைத்துவிட்டுப் போனான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பது வருஷமாக அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஓரினுக்கு வித்தவன் இவன்தானேன்னு பாக்குறியா? அதை முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போயேன்!"

வண்டிக்கடியில் டார்ச் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"ஹால்வர், கீழ வாங்க."

இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படிப் படுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாக்கில் பாதியை எனக்கு விட்டாள். டீசல் டாங்குக்கு மேலே, சட்டத்தை ஒட்டி ஒரு சின்ன எஃகுக் குழாய் ஓடுகிறது. டாங்கு மறைப்பதால் குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது, படுத்துத் தலையைத் திருப்பினால்தான் தெரியும். அவள் நகத்தால் சுரண்டினாள். துரு செதில் செதிலாக என் நெற்றியில் விழுந்தது. குளிர்காலத்தில் கணவாய் ரோட்டில் கொட்டுகிற உப்புத் தண்ணீர் செய்த வேலை. தொட்டுப் பாருங்கள் என்றாள். தொட்டேன். விரல் ஈரமாகி வந்தது. பின்சக்கர பிரேக் எண்ணெய்.

ஓரின் வண்டியில் வெடித்த அதே குழாய். அதே இடமாகவும் இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது, வெர்னா," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அன்னைக்கும் உங்களுக்குத் தெரியாது." டார்ச்சை அணைத்தாள். "ஓரினுக்கு இதையெல்லாம் பாக்கத் தெரியும். நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான் குனியல. பாத்திருந்தா ஒரு மாசம் அவர்கூடப் பேசாம இருந்திருப்பீங்க. அவ்வளவுதானே?"

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவள் எழுந்து போகவில்லை. நான் முடிக்கிறவரை பக்கத்தில், அந்தக் குளிரில், வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்புறம் இரண்டு பேரும் என் கொட்டகையில் மூன்று நாள் வேலை செய்தோம். முன்னும் பின்னுமாகக் குழாய் அத்தனையையும் புதுசாக வளைத்து மாட்டினோம். டாங்கை இறக்கி ஏற்றுவதற்குள் என் உயிர் போய்விட்டது. கிளாரிஸ் சூப்பைக் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தாள், என்னிடமும் பேசினாள். நாலாம் நாள் வெர்னா காலி ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கணவாய் போய் வந்து, பிரேக் பிடிக்கிறது என்றாள். கை குலுக்கினோம்.

காபிக் கடையில் விடுவார்களா? என்ன ஹால்வர், வண்டி விக்கறதுன்னா இப்பல்லாம் சாக்கும் சேத்துக் கொடுக்கணுமாமே என்றார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, இனிமேல் இந்தப் பள்ளத்தாக்கில் எவன் வண்டியை விற்றாலும் நானே வந்து அடியில் படுப்பேன், கோபம் வருகிறவன் இப்போதே கோபப்பட்டுத் தொலையட்டும் என்றேன். சிரிப்பு நின்றது. ஓரினுக்குக் கன்று ஏற்றிக் கொடுத்தவர்கள்தான் அத்தனை பேரும்.

விற்பனை வாரத்தின் முதல் ஏற்றம் என் கன்றுகள். எட்டு மணிக்கு ஏற்றினோம். கிளம்பும் முன் அவள் சாக்கை விரிப்பதற்குள் நான் டார்ச்சை நீட்டினேன். பார்த்துவிட்டு எழுந்து, குழாய் காய்ந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். பாலத்தைத் தாண்டி அவள் வண்டி மறைகிறவரை நின்றேன்.

பத்து மணிக்கு இரண்டாவது வளைவில் இருப்பாள் என்று மனசு சொன்னது. பன்னிரண்டு மணிக்குக் கிளாரிஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் என்றேன். அவளும் சாப்பிடாமல் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். ஒன்றரை மணிக்குக் காலி ட்ரெய்லர் பாலத்தில் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.