அடைப்புக்குறிக்குள் வந்த வக்கீல்

அண்ணன் எனக்குக் கொடுத்த பழைய கைப்பேசியில் அடைப்புக்குறியை இரண்டு முறை அழுத்தினால்தான் விழும். ஒருமுறை அவசரத்தில் ஒரே தடவை அழுத்தியதால் அவன் தலைக்கே ஆபத்து வந்தது. நிஜத் தலைக்கு அல்ல, இணைய விளையாட்டில் அவன் நான்கு ஆண்டுகளாக வளர்த்த சூப்பர் ஹீரோவின் தலைக்கு.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் மட்டும்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறான். திருமுல்லைவாயிலுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில்தான் அந்த ஆட்டம். ஒவ்வொருவரும் ஒரு ஹீரோவாகி, அவன் பேசுவதையும் செய்வதையும் தமிழில் எழுதிக் குழுவில் அனுப்ப வேண்டும். சொந்தப் பேச்சு அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். வெளியே எழுதியதெல்லாம் கதையில் நடந்ததாகிவிடும்; திரும்பப் பெற முடியாது. அண்ணனுடைய ஹீரோவின் பெயர் கர்லா, பாலத்தையே தோளில் தாங்குகிற முகமூடிக்காரன். நான் ஒரு வக்கீலாகச் சேர்ந்தபோது, "இன்னா பவர் கீது உனுக்கு?" என்றான். பேசுவேன் என்றேன். "அது போதும் பாப்பா. நம்ம ஊட்ல எவனுக்கும் அது இல்ல."

கதையில் ஒருநாள் ஏரி நிரம்பி ஊரே மூழ்கும் நிலை வந்தது. கர்லா ஒரு பக்கக் கரையை உடைத்து ஊரைக் காப்பாற்றினான். உடைத்த பக்கத்தில் ஒரு தெரு மூழ்கியது. முகமூடிக்காரனின் வீடு மறு கரையில்தான் இருக்கும், அதற்காகவே இதைச் செய்தான் என்று வழக்கு. குற்றம் உறுதியானால் கர்லாவை ஆட்டத்திலிருந்தே அழித்துவிடுவார்கள். நாளெல்லாம் சூப்பர்வைசரின் ஏச்சைக் கேட்டு நிற்கிற அண்ணனிடம் நாலு பேர் யோசனை கேட்டு வந்தது அங்கே மட்டும்தான்.

விசாரணை நடந்த ஞாயிறு மதியம் அண்ணன் ஓவர்டைமில் இருந்தான். அங்கிருந்தே கர்லாவாக, எதிர்த்தரப்பு வக்கீலாக ஆடியவரை, "தோ பார், வெளிய வா, வெச்சிக்கிறேன்" என்று மிரட்டிக்கொண்டிருந்தான். பதறிப்போய், "அண்ணே, சும்மா இரு. நான் பேசிக்கிறேன்" என்று அனுப்பினேன். அடைப்புக்குறி விழவில்லை.

"கேட்டீங்களா நீதிபதி அவர்களே!" என்று மாங்காட்டுக்காரரான அந்த எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளினார். "முகமூடிக்குள்ள இருக்கறது வக்கீலம்மாவோட அண்ணன்! தங்கச்சி பேச்சை எப்படி நம்புறது?"

"(இன்னா பாப்பா, மொத்தமா ஊத்திகிச்சே!)" என்று அண்ணன் அனுப்பினான்.

அப்போதுதான், வெள்ளம் வந்த அன்று மூழ்கிய தெருவிலிருந்த என் வக்கீலின் வீட்டில் சட்டப் புத்தகங்கள் நனைந்ததாக நானே எழுதியது நினைவுக்கு வந்தது. "ஆமாம், அவர் என் அண்ணன். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அது எந்தத் தெரு என்று பழைய பதிவுகளில் பாருங்கள். மூழ்கியது எங்கள் வீடும்தான். சொந்த வீட்டைக் காப்பாற்ற நினைப்பவன் தண்ணீரைச் சொந்த வாசலுக்கே திருப்புவானா?"

மாங்காட்டுக்காரரே, "(யம்மா, செமங்க!)" என்றார். தீர்ப்பு வந்தது: கர்லா விடுதலை. "(என் தங்கச்சி கேஸ் ஜெயிச்சிடுச்சுன்னு டீக்கடைல சொன்னேன். இன்னா கேஸுன்னு கேக்கறாங்கோ, இன்னா சொல்றது?)" என்று அண்ணனிடமிருந்து வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆட்டத்தில் அவன் என்னை வக்கீலம்மா என்பான். அடைப்புக்குறிக்குள் எப்போதும் பாப்பாதான். சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அப்படியே.

இன்று பூந்தமல்லி கோர்ட்டில், சீனியர் வர முடியாததால், முதல்முறையாக நானே எழுந்து வாய்தா கேட்டேன். ஒரே ஒரு வாக்கியம். நீதிபதி சரியென்று தலையசைத்தார். வராந்தாவுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அண்ணன் அனுப்பியிருந்தான்:

"(வக்கீலம்மா, சாப்ட்டியா?)"

இது புதுக் கைப்பேசி. ஒரு முறை தொட்டாலே போதும். ஆனாலும் பதில் எழுதும்போது, பழக்கத்தில், அடைப்புக்குறியை இரண்டு முறை அழுத்தினேன்.