அண்டாவின் அடி

கரண்டிக்காரி என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே மறந்துபோச்சு. நூல் மில் கேன்டீனில் பதினாறு வருஷம் பரிமாறியவள். மழை பொய்த்து, மில்லையும் மூடி, சனமெல்லாம் வயிறு ஒட்டிக் கிடந்த இரண்டாம் வருஷம், மில் கிடங்கிலேயே கஞ்சித்தொட்டி திறந்தார்கள். கரண்டியை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் இவளைத்தான் கைகாட்டினார்கள்.

கஞ்சி ஊற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. நொய் கனம், அண்டாவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே நிற்பது வெறும் தண்ணி. பத்துப் பேருக்கு ஒருதரம் துடுப்புப் போட்டுக் கிண்டியாகணும். கிண்டினாலும், கரண்டி எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் ஒருத்தர் உயிர் இருந்தது. வரிசையில் நிற்கிற அத்தனை கண்ணும் அவள் மணிக்கட்டு மேலேதான்.

அவள் தம்பியும் அந்த வரிசையில்தான் நின்றான். தறி மெக்கானிக், பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபிறகு ஒண்டிக்கட்டை. மூன்றாம் நாளே, வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற அதே தெருத் தையல்காரி ஆரம்பித்துவிட்டாள்.

“என்னடி, தம்பிக்கு மட்டும் கரண்டி கிணத்துல இறங்குற மாதிரி இறங்குது? எங்களுக்குன்னா பால்ல ஆடை எடுக்குற மாதிரி மேலாப்புல எடுக்குற?”

வரிசை கொல்லென்று சிரித்தது. பசியிலும் சிரிப்பு வரத்தான் செய்யும். சத்தியமாக அவள் அப்படிச் செய்யவில்லை. பதினாறு வருஷத்தில் ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லையே! முகம் செத்துப்போச்சு.

மறுநாளிலிருந்து தம்பி முறை வந்தால், எல்லாரும் பார்க்க, கரண்டியை மேலோடு விட்டுத் தண்ணியாகவே ஊற்றினாள். பேச்சு அடங்கட்டும், பத்து நாள் கழித்துச் சரியாக ஊற்றலாம் என்று கணக்கு. வீட்டுக்கு அவள் கொண்டுபோகிற பங்கு தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கே காணாது, அதில் தம்பிக்கு எங்கே கொடுப்பது?

அவன் தட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அக்கா, இதுல என் மூஞ்சி நல்லாத் தெரியுது. ஷேவ் பண்ணிக்கவா?” என்பான்.

“வாய மூடிட்டு நகருடா.”

“கோவிச்சுக்காதக்கா. சும்மா சொன்னேன்.”

ஒருநாள் அவன் கால் அவள் கண்ணில் பட்டது. “என்னடா இப்படி வீங்கியிருக்கு?”

“சதை போடுது, கண்ணு வைக்காத.”

அன்றைக்கும் மேலாப்பில்தான் ஊற்றினாள். பக்கத்திலேயே தையல்காரி நின்றாள். நாளைக்கு அடியிலிருந்து ஊற்றிவிடணும், யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவன் வரிசைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்தபடியே உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே அவள் கரண்டியைப் பிடிக்க வந்தாள். வராமல் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது? தையல்காரி முறை வந்தது. அவள் தட்டை நீட்டவில்லை. கண்ணில் தண்ணி முட்டி நின்றது.

“அடியிலேருந்து ஊத்தியிருந்தா நான் உன்னை என்னடி பண்ணியிருப்பேன்? நாலு நாள் வாய் வலிக்கக் கத்தியிருப்பேன். அவ்வளவுதானேடி!”

கரண்டிக்காரி தட்டைத் தானே இழுத்து வைத்து ஊற்றினாள். கரண்டி தளும்பிக் கொஞ்சம் தரையில் சிந்திற்று. தையல்காரி அழுதுகொண்டே குனிந்து அதை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மழை வரும்வரை எட்டு மாசம் கரண்டிக்காரியே ஊற்றினாள். அவள் ஊற்றுகிற விதத்தைப் பற்றி அப்புறம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது ஒரு பழி சொல்லிவிட மாட்டார்களா என்று அவள்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.