புகைக்கூடத்தில் எரிந்த பத்திரிகை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று தெஹியோவிட்ட பஸ் நிலையத்தின் பின்னால் யாரோ காகிதம் எரித்தார்கள். மை கருகும் வாசனை வந்ததும், ஏறவிருந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

சிறுவயதில் எங்கள் றப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். முதலில் நான்கு பக்கம். பிறகு கல்யாணப் படம், சமையல், திருவிழா என்று தடித்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டின் நம்பரும் போடுவார்கள். அதில்தான் எங்களுக்குப் பெருமை.

ஒருநாள் கலவரக்காரர்கள் டவுனில் தமிழர் கடைகளை எரித்தார்கள். அடுத்தது தோட்டம்தான் என்று பேச்சு வந்தது. அந்த நம்பர்களை நினைத்தே எல்லோரும் பயந்தோம். அப்பாவுக்கு றப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. அங்கே எப்போதும் புகை வரும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெண்கள் பத்திரிகைகளை அங்கே எரிக்க முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள்.

“என்னைய எடுத்த படம் இது ஒண்ணுதாங்க,” என்றாள் அம்மா.

“கீழ நம்பர் இருக்கே புள்ள! அவனுங்களுக்கு வழிகாட்ட வேற ஆள் வேணுமா?” என்றார் அப்பா.

அம்மா கீழ்த்துண்டை மட்டும் கிழித்து நெருப்பில் போட்டாள்.

யாரும் வரவில்லை. அதன்பின் பத்திரிகையும் வரவில்லை.

சுவரிலிருக்கும் அந்தப் படத்தை இன்று மாலை மகள் போனில் பிடித்தாள்.

“பேஸ்புக்ல போடுறேன்ப்பா. தோட்டத்துப் பேரும் போடவா?”

“படம் மட்டும் போதும் தாயி.”

இங்கேயும் நான் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாள்.