வாசலோரத்து அரிசிப் பெட்டி

எங்கள் கிறிஸ்தவ சபையின் வரலாற்றை மலராகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வரி: தேயிலை விலை விழுந்த காலத்திலும் நம் பெண்கள் கைப்பிடி அரிசிக் காணிக்கையை விடவில்லை. விட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொண்டுவந்து கோயில் வாசலோரத்துப் பெட்டிக்குள் கையை விட்டுக் கொட்டுவோம். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி, உள்ளே தகரம் அடித்தது; பூட்டிய மூடியில் கை போகிற அளவுக்கு ஓட்டை. அதன் சாவி என் அப்பாவிடம் இருந்தது. அவர்தான் கோயில் பிள்ளை. மணியடிப்பார், பெருக்குவார். அதற்காகக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள்.

பச்சை இலைக்கு விலை இல்லையென்று ஃபேக்டரியை மூடினார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நான் அப்பாவோடு வந்து தங்கினேன். பெட்டியில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பெண்கள் வரிசை குறையவில்லை. எல்லார் கையும் பெட்டிக்குள் போய்த்தான் வந்தது. அப்படியென்றால் யாரோ எடுக்கிறார்கள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கையில் சபைச் செயலாளர் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, உங்க ஊட்டு எலிக்குப் பூட்டுத் திறக்கத் தெரியுமுங்களா?”

சிரித்தார்கள். அப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கப் போனார். அடுத்த ஞாயிறு கமிட்டி கூடிச் சாவியை வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சாவி போனால் வீடும் போகும்.

எனக்கே அப்பா மேல் சந்தேகம். எங்கள் அரிசிப் பானையைத் திறந்து திறந்து பார்த்தேன். நான் ரேஷனில் வாங்கிப் போட்டதுதான் இருந்தது.

அந்த ஞாயிறு பெட்டியை ஒட்டி நின்றேன். தகரத்தில் அரிசி விழுந்தால் சடசடவென்று கேட்கும். முதலில் வந்தவள் கையை விட்டாள், எடுத்தாள். சத்தமில்லை. அடுத்தவள். அதுவும் இல்லை. செயலாளர் மனைவி பையை முந்தானையால் மூடிக்கொண்டு கொட்டினாள். மூடிய பையிலிருந்தும் ஒன்றும் விழவில்லை.

மணிக்கயிற்றுப் பக்கம் அப்பாவைப் பிடித்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

“வெறுங்கையோட வரக் கூசித்தானே இப்படிச் செய்யறாங்க. சொன்னா அடுத்த வாரம் கோயிலுக்கே வரமாட்டாங்கம்மா.”

“வீடு போகுதே?”

“பார்க்கலாம்.”

நான் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளில்லை. நேராகக் கமிட்டிக்குள் போனேன். “பெட்டி வேண்டாமுங்க. இனி ஒவ்வொருத்தரா பீடத்துக்கு முன்னால தட்டுல கொட்டுவோம். செயலாளர் ஊட்டம்மா ஆரம்பிக்கட்டும்.”

செயலாளர் என்னை முறைக்கவில்லை. தரையைப் பார்த்தார். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் பட்டது. சபைப் போதகர் ஐயர் கண்ணை மூடி, “ஜெபிப்போம்” என்றார். சாவியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. தட்டும் வைக்கவில்லை.

ஆனால் நான் சொன்னது வெளியே போய்விட்டது. அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கம் பாதிக்குப் பாதி காலி. அப்பா வழக்கத்தைவிட நீளமாக மணியடித்தார். யாரும் வரவில்லை. சிலர் சில வாரம் கழித்து வந்தார்கள், சிலர் வரவே இல்லை. அப்பா என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். சாகும்வரை அதே வீட்டில்தான் படுத்தார்.

மலரில் அந்த வரியை எழுதியவர் அதே செயலாளர். பெட்டி இன்னும் வாசலோரம்தான் இருக்கிறது. யாராவது உள்ளே கையை விட்டால் நான் காது கொடுத்துக் கேட்கிறேன்.